நிக்கான் டி7200 + மூணு ஸ்டுடியோ லைட்: கண்ணுக்கு மூணும் அடிக்குது, போட்டோல விழமாட்டேங்குது

பாஸ்போர்ட்சைஸ்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல சின்ன ஸ்டுடியோ, பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ், எப்பவாவது ஒரு குடும்பப் படம், இதுதான் பொழப்பு. மாமா காலத்து 300 வாட் லைட் ரெண்டு இருக்கு, குடை மாட்டி ரெண்டு பக்கமும் நிக்கும். கேமராலேர்ந்து ஒண்ணுக்கு சிங்க் கார்டு (ஷட்டர் அமுக்கினதும் லைட்டை அடிக்க வைக்கற வயர்) போகும், இன்னொண்ணு அதோட வெளிச்சத்தைப் பாத்து ஸ்லேவ்ல அடிச்சிக்கும். பிரச்சினையே இருந்ததில்ல.

இப்ப வளைகாப்பு முடிச்சிட்டு, குழந்தைக்கு முதல் பர்த்டேன்னு ஸ்டுடியோவுக்கே வந்து நல்லா போர்ட்ரெய்ட் எடுத்துக் குடுங்கன்னு கேக்கறாங்க. அதனால புதுசா ஒரு கோடாக்ஸ் எஸ்கே400 டூ வாங்கி பின்னாடி ஹேர் லைட்டா (பின்னாலேர்ந்து தலைமுடில அடிக்கற லைட்) வச்சேன். அதே வாரம் பாத்து பழைய சிங்க் கார்டு உள்ள வயர் அறுந்து போச்சு. டி7200ல கார்டு சொருகற ஓட்டையும் கிடையாது, கேமரா மேல பிளாஷ் மாட்டற ஹாட் ஷூல அடாப்டர் போட்டுத்தான் ஓட்டிட்டிருந்தேன்.

சரி, பாப்-அப் பிளாஷைத் தூக்கிவிட்டா மூணு லைட்டும் ஸ்லேவ்ல அடிக்குமேன்னு போட்டுப் பாத்தா, நல்லா கண்ணு கூசற மாதிரி மூணும் அடிக்குது, பீப் சத்தமும் வருது, ஆனா போட்டோல பாத்தா பாப்-அப் வெளிச்சம் மட்டும் மூஞ்சில சப்பையா விழுந்திருக்கு, குடை லைட் எதுவுமே வரல. ஷட்டர் 1/125 தான். 1/60க்கு இறக்கியும் அதே கதை.

இதுக்கு என்ன பண்ணணும்? ரிமோட் ட்ரிகர் வாங்கினா மூணு லைட்டுக்கும் தனித்தனியா ரிசீவர் வாங்கணுமா? புது கார்டே வாங்கிப் போட்டுக்கலாமா? பட்ஜெட் கம்மி, லைட் வாங்கினதுலயே கை காலியாயிடுச்சு.

நெகட்டிவ்ரோல்:

தம்பி உங்க லைட் மூணும் நல்லாதான் இருக்கு, பயப்படாதீங்க. பாப்-அப் டிடிஎல்ல (கேமராவே அளந்து பிளாஷ் பவரை வைக்கற ஆட்டோ மோடு) இருக்கு, அதான் விஷயம்.

டிடிஎல்ல கேமரா ரெண்டு தடவை பிளாஷ் அடிக்கும். முதல்ல ஷட்டர் திறக்கறதுக்கு முன்னாடியே சின்னதா ஒண்ணு அடிச்சு, முகத்துல பட்டு எவ்ளோ வெளிச்சம் திரும்பி வருதுன்னு அளந்துக்கும், அப்புறம்தான் ஷட்டர் திறந்து நிஜமான பிளாஷ் அடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நேரம் ரொம்பக் கம்மி, நம்ம கண்ணுக்கு ஒரே பிளாஷாத்தான் தெரியும். ஆனா ஸ்லேவ் கண்ணுக்கு அது முன்னோட்டம், இது நிஜம்னு எல்லாம் தெரியாது, முதல் வெளிச்சத்தைப் பாத்ததும் லைட்ல இருக்கற கரண்ட் மொத்தத்தையும் கொட்டிடும். ஷட்டர் திறக்கும்போது லைட் காலி, சார்ஜ் ஏறிட்டிருக்கும். அதான் நீங்க 1/60க்கு இறக்கினாலும் வரல, ஏன்னா லைட் அடிச்சப்ப ஷட்டரே திறக்கல.

டி7200ல கஸ்டம் செட்டிங் மெனுக்குள்ள போனா பிளாஷ் கன்ட்ரோல் ஃபார் பில்ட்-இன் பிளாஷ்னு ஒண்ணு இருக்கும். அதுல டிடிஎல்ல இருந்து மேனுவலுக்கு மாத்தி பவரை 1/128க்கு இறக்கிடுங்க. இப்ப ஒரே ஒரு பிளாஷ்தான் அடிக்கும், அதுவும் மினுக்குனு. எஃப் 8, ஐஎஸ்ஓ 100ல அந்த மினுக்கு படத்துல தெரியவே தெரியாது, ஆனா ஸ்லேவ் கண்ணுக்கு அது போதும். கமாண்டர் மோடுன்னு பக்கத்துலயே ஒண்ணு இருக்கும், பேர் பாத்துட்டு அதைப் போட்டுடாதீங்க, அது நிக்கானோட சொந்த பிளாஷ்களுக்கு முன்கூட்டியே சிக்னல் மினுக்கறது, உங்க லைட் மறுபடியும் சீக்கிரமே அடிச்சிடும். ஹாட் ஷூல பழைய அடாப்டர் மாட்டியிருந்தா கழட்டிடுங்க.

எஸ்கே400 டூல ஸ்லேவ் ஆன்ல இருக்கான்னும் பாத்துக்கங்க. பைசா செலவு கிடையாது, இன்னிக்கே பண்ணிப் பாத்துட்டு சொல்லுங்க.

கார்டு பத்தி கேட்டீங்க. கார்டு ஒண்ணும் கெட்டது இல்ல, ஆனா ஸ்டுடியோவுக்குள்ள ஒரு வயசுக் குழந்தையை விட்டுட்டு தரையில வயர் போட்டு வைக்காதீங்க. குழந்தை இழுக்கும், ஸ்டாண்டோட குடை சாயும்.

ஒளிமீட்டர்:

அண்ணன் சொன்னது சரிதான், ஆனா அது இன்னிக்கு ஒரு நாளைக்கு ஓட்டறதுக்கு. போர்ட்ரெய்ட்தான் இனிமே தொழில்னா ரேடியோவுக்குப் போயிடுங்க ப்ரோ.

உங்களுக்கு லக் என்னன்னா எஸ்கே400 டூக்குள்ளயே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் இருக்கு, அதுக்கு தனியா எதுவும் வாங்கத் தேவையில்ல. கேமரா மேல மாட்டற டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு மட்டும் வாங்குங்க. எக்ஸ்2டி-என் இல்லன்னா எக்ஸ்ப்ரோ-என், கடைசில என்னு இருக்கறதுதான் நிக்கானுக்கு, கடைக்காரர் கேனானுக்கு உள்ளதை எடுத்துக் குடுத்துடப் போறார். சேனல் 1லேர்ந்து 32 வரைக்கும் இருக்கு, லைட்லயும் ட்ரிகர்லயும் ஒரே நம்பர் வைக்கணும், குரூப் ஏ, பின்னு பிரிச்சுக்கலாம், அவ்ளோதான். எஸ்கே400 டூல டிடிஎல் கிடையாது, ஹை ஸ்பீட் சிங்க்கும் (ரொம்ப வேகமான ஷட்டர்லயும் பிளாஷ் அடிக்கற வசதி) கிடையாது, அதனால ட்ரிகர்லயும் குரூப்பை மேனுவல்ல வச்சிடுங்க. பவர் 1/16லேர்ந்து ஃபுல் வரைக்கும் கேமரா கிட்டேர்ந்தே ஏத்தி இறக்கலாம். ஸ்டூல் போட்டு ஏறி பட்டனைத் தேடற வேலை மிச்சம்.

பழைய ரெண்டு லைட்டும் ஸ்லேவ்லயே இருக்கட்டும். எஸ்கே அடிச்சா அதுங்களும் சேர்ந்து அடிக்கும். ஒண்ணு ரேடியோ, மத்தது ஸ்லேவ், இப்படிக் கலந்து ஓட்டறதுல எந்தத் தப்பும் இல்ல. வெளிச்சம் போய்ச் சேர்ற நேரமெல்லாம் ஒரு கணக்கே இல்ல. ரேடியோலதான் துளி லேட் இருக்கும், அதனால டி7200க்கு 1/250 வரைக்கும் சிங்க்னு போட்டிருந்தாலும் நான் 1/160க்கு மேல போக மாட்டேன். மேல போனீங்கன்னா ஃப்ரேம் ஓரத்துல கருப்பா ஒரு பட்டை வரும், அது ஷட்டர் திரை மூட ஆரம்பிச்சதுக்கப்புறம் லைட் வந்ததோட அடையாளம். பழைய லைட்டுங்க வேற ஃபுல் பவர்ல கொஞ்சம் நேரம் எடுத்து எரியும், ஸ்பீடு ஏத்தினா அந்த வெளிச்சத்தோட வாலு கட் ஆகி படம் இருட்டாயிடும். ஸ்டுடியோ இருட்டுல 1/125 வச்சாலும் 1/250 வச்சாலும் முகம் ஷேக் ஆகப்போறதில்ல, ஆளை நிறுத்தறது அந்த பிளாஷ்தான், ஷட்டர் இல்ல.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன். டிரான்ஸ்மிட்டரும் லைட்டும் ரொம்பப் பக்கத்துல இருந்தா சில சமயம் அடிக்காம முழிக்கும், ட்ரிகர் பழுதுன்னு எடுத்துட்டு கடைக்கு ஓடாதீங்க. மெனுல தூரம்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை 0-30 மீட்டர்ல வைங்க. சின்ன ரூம்ல இது ரொம்பப் பேரை சுத்தல்ல விடற விஷயம்.

நெகட்டிவ்ரோல்:

//இன்னிக்கு ஒரு நாளைக்கு ஓட்டறதுக்கு//

அதெல்லாம் ஒத்துக்க முடியாதுங்க. நாலு சுவத்துக்குள்ள, வெள்ளை அடிச்ச சீலிங் இருந்தா ஸ்லேவ் மாதிரி நம்பிக்கையான பொருள் கிடையாது, பேட்டரி வேண்டாம், சேனல் வேண்டாம், பக்கத்து வீட்டு வைஃபை தொந்தரவு வேண்டாம். ட்ரிகர் இல்லாம தொழில் பண்ண முடியாதுன்னு இப்ப எல்லாரும் பேசறது கடைக்காரன் பேச்சு. வெளிய போனாதான் ஸ்லேவ் காலை வாரும், வெயில் நேரா கண்ணுல பட்டா குருடாயிடும். மண்டபத்துலயும் வேலைக்காகாது, அங்க இருக்கற எல்லா போட்டோகிராபர் பிளாஷுக்கும் உங்க லைட் சேர்ந்து அடிச்சிட்டிருக்கும், நீங்க எடுக்கும்போது சார்ஜ் இருக்காது. தம்பி எடுக்கறது ஸ்டுடியோக்குள்ள. அவர் கை காலியா இருக்குன்னு வேற சொல்றார்.

மல்டிமீட்டர்_மணி:

நடுவுல ஒரு எச்சரிக்கை. பழைய லைட்ல ரிசீவர் சொருகணும், இல்ல மறுபடி கார்டு போட்டு கேமராவுல நேரா மாட்டணும்னா, முதல்ல ட்ரிகர் வோல்ட்டேஜ் (லைட்டோட சிங்க் ஓட்டைல நிக்கற வோல்ட்டேஜ்) என்னன்னு அளந்துடுங்க. அந்தக் காலத்து லைட்டுகள் சிலதுல சிங்க் ஓட்டைலயே 200 வோல்ட்டுக்கு மேல நிக்கும். ஃபிலிம் கேமராவுல இருந்தது வெறும் மெட்டல் காண்டாக்ட், தாங்கிடும். டிஜிட்டல்ல உள்ள இருக்கறது எலக்ட்ரானிக் சர்க்யூட். நிக்கான் மேனுவல்லயே 250 வோல்ட்டுக்கு மேலயோ நெகட்டிவ் வோல்ட்டேஜோ ஹாட் ஷூல குடுக்காதீங்கன்னு போட்டிருப்பாங்க, அப்ப டி7200 ஓரளவு தாங்கும், ஆனா விலை கம்மியான ரிசீவர்கள் அவ்ளோ தாங்கும்னு யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டாங்க.

அளக்கறது சுலபம். லைட்டை ஆன் பண்ணி சார்ஜ் ஏறவிட்டு, அறுந்து போகாத ஒரு சிங்க் கார்டை லைட்ல மட்டும் சொருகி, கார்டோட கேமரா பக்க முனையில நடு பின்னுக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல மீட்டரை வைங்க, மீட்டர் டிசி பெரிய ரேஞ்சுல இருக்கணும். 10 வோல்ட்டுக்குள்ள வந்தா நிம்மதி. நூத்துக்கணக்குல காட்டிச்சுன்னா அந்த லைட்டுக்கு ஸ்லேவ்தான் பாதுகாப்பு, ஏன்னா ஸ்லேவ்ல கேமராவுக்கும் லைட்டுக்கும் வயர் தொடர்பே கிடையாது.

லைட்டைத் திறந்து பாக்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கினப்புறமும் உள்ள இருக்கற கெப்பாசிட்டர்ல ஆளைக் கொல்ற அளவுக்கு சார்ஜ் நிக்கும்.

பாஸ்போர்ட்சைஸ்:

நெகட்டிவ்ரோல் அண்ணா ரொம்ப தேங்க்ஸ், மேனுவல் 1/128 வச்சதும் டக்குனு வந்துடுச்சு. முன்னாடி இருக்கற ரெண்டு குடையும் ஒவ்வொரு தடவையும் அடிக்குது. மீட்டரும் வச்சுப் பாத்தாச்சு, ஒரு லைட்ல 6 வோல்ட், இன்னொண்ணுல 190க்கு மேல காட்டுது! நல்லவேளை இத்தனை நாள் கார்டு போட்டது அந்த 6 வோல்ட் லைட்ல.

இப்ப பிரச்சினை பின்னாடி இருக்கற எஸ்கே400 டூ. சில ஷாட்ல அடிக்குது, சில ஷாட்ல கம்முனு இருக்கு. பேக்ரவுண்ட் துணிக்கு ஓரமா, மேல தூக்கி, தேன்கூடு கிரில் (வெளிச்சம் பரவாம ஒடுக்கற வலை) மாட்டி, ஆளோட பின்னந்தலையைப் பாத்த மாதிரி வச்சிருக்கேன். பின் சுவர் கரும்பச்சை பெயின்ட். கண்ணாடி போட்டவங்களை எடுத்தா பாப்-அப் மினுக்கு கண்ணாடில சின்னப் புள்ளியா தெரியுது, அதுக்கு வேற வழி இருக்கா?

நெகட்டிவ்ரோல்:

பின்னாடி லைட் முழிக்கறதுக்கு அந்தக் கரும்பச்சை சுவரும் ஒரு காரணம். ஸ்லேவ் கண்ணு லைட்டோட பின்பக்கமோ மேலயோ இருக்கும், அது இப்ப சுவத்தைப் பாத்துட்டு நிக்குது, முன்னாடி அடிக்கற வெளிச்சம் சுவத்துல பட்டுத் திரும்பி வந்தாத்தான் அதுக்குத் தெரியும், கரும்பச்சை எல்லாத்தையும் குடிச்சிடுது. லைட்டுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு வெள்ளை தெர்மாகோல் ஷீட்டை ஒட்டி வச்சுப் பாருங்க. அதுல சரியாயிடலாம்.

இன்னொண்ணு, அடிக்காத ஷாட் எல்லாம் வேகவேகமா எடுத்ததா? குழந்தை சிரிச்சிடுச்சுன்னு டப்டப்புன்னு அமுக்கினா லைட் சார்ஜ் ஏறியிருக்காது. பீப் கேட்டப்புறம் அடுத்ததை எடுங்க. ஊர்ல சாயங்காலம் வோல்ட்டேஜ் இறங்கினா சார்ஜ் ஏற இன்னும் லேட்டாகும்.

கண்ணாடில புள்ளி வர்றதுக்கு, பாப்-அப் முன்னாடி பழைய கழுவின நெகட்டிவ் ஃபிலிம், எக்ஸ்போஸ் ஆகி முழுசா கருப்பா இருக்கற வால்துண்டு, அதுல ரெண்டு அடுக்கு வச்சு செலோடேப் போடுங்க. கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் பெரும்பாலும் நின்னுடும், இன்ஃப்ராரெட் மட்டும் தாண்டிப் போகும், ஸ்லேவ் கண்ணுக்கு அதுவே போதும். கலர் நெகட்டிவா இருக்கணும், கருப்பு வெள்ளை ஃபிலிம்ல இருக்கறது வெள்ளி, அது இன்ஃப்ராரெட்டையும் நிறுத்திடும். ஆனா பவரை 1/128லேர்ந்து கொஞ்சம் ஏத்தவேண்டி வரும். உங்க மாமா ஸ்டுடியோல ஏதாவது டப்பாவுல கட்டாயம் கிடக்கும்.

ஒளிமீட்டர்:

ஃபிலிம் வால்துண்டா! அண்ணா உங்களை வச்சிட்டு என்ன பண்றது 😄 ஆனா ஐடியா சூப்பர்.

ப்ரோ, இத்தனை ஒட்டு வேலை பண்றதுக்கு லைட்டை இடம் மாத்துங்க. புது எஸ்கேவை பின்னாடி கொண்டுபோய் ஒளிச்சு வச்சதுதான் எனக்குப் பிடிக்கல. அதைத் தூக்கி முன்னாடி மெயின் லைட்டா வைங்க, முகத்துலேர்ந்து 45 டிகிரி பக்கவாட்டுல, கண்ணுக்குக் கொஞ்சம் மேல. குடைக்குப் பதிலா சாஃப்ட்பாக்ஸ் கிடைச்சா இன்னும் நல்லது, போவன்ஸ் மவுன்ட்டுன்னு (எஸ்கேல மாட்டற வளைய அளவு) கேட்டு வாங்குங்க. மெயின் லைட்டைத்தான் ஆளுக்கு ஆள் ஏத்தி இறக்கிட்டே இருப்பீங்க, நாளைக்கு டிரான்ஸ்மிட்டர் வாங்கினாலும் ரேடியோ உள்ள லைட் கைக்குப் பக்கத்துல மெயினா இருக்கறதுதான் பிரயோஜனம். 6 வோல்ட் பழசு ஃபில் லைட் (முகத்து நிழலை லேசாக்கற லைட்), 190 வோல்ட் பழசு ஹேர் லைட், ரெண்டும் ஸ்லேவ். ஹேர் லைட்டுக்குப் பின்னாடி அண்ணன் சொன்ன தெர்மாகோல் கண்டிப்பா வேணும்.

பழைய லைட்டை 1/4க்குக் கீழ இறக்க முடியலன்னா ஹேர் லைட்டுக்கு அது ஜாஸ்திதான், தலைமுடி வெளுத்துடும். தூரத்தை ஏத்துங்க, லைட் இருக்கற தூரத்தை ரெட்டிப்பாக்கினா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும், ரெண்டு ஸ்டாப் குறைஞ்ச கணக்கு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது). ரூம் சின்னதுன்னா தேன்கூடு கிரில்லுக்கு முன்னாடி வெள்ளைத் துணியோ டிரேசிங் பேப்பரோ போடலாம், மாடலிங் பல்பை (லைட்டுக்குள்ள எப்பவும் எரிஞ்சிட்டிருக்கற பல்பு) மட்டும் அணைச்சிடுங்க, 150 வாட் பல்பு சூட்டுல பேப்பர் கருகும்.

மூன்றாம்வரிசை:

இந்த த்ரெட்டைப் படிச்சிட்டு கேனான்காரங்க யாராவது அப்படியே செய்யப் போறாங்கன்னா ஒரு குறிப்பு. 1500டி, 3000டி, 200டி மார்க் 2 இதுங்களோட ஹாட் ஷூல நடுவுல இருக்கற வட்டக் காண்டாக்ட்டே கிடையாது. விலை கம்மியான ட்ரிகர், மேனுவல் பிளாஷ், அடாப்டர் எல்லாம் அந்த நடுப் பின்னை நம்பித்தான் வேலை செய்யுது, அதனால டெஸ்ட் பட்டன் அமுக்கினா லைட் அடிக்கும், ஷட்டர் அமுக்கினா அடிக்காது. கோடாக்ஸ் எக்ஸ்2டி-சி மாதிரி கேனானோட மத்த பின்னுகள்ல பேசற ட்ரிகர்தான் வாங்கணும். பாப்-அப் டிடிஎல்லயே மாட்டிக்கிட்டீங்கன்னா எஃப்இ லாக் வச்சு சமாளிக்கலாம்: முதல்ல நட்சத்திர பட்டனை அமுக்குங்க, முன்னோட்ட பிளாஷ் அப்பவே அடிச்சு முடிஞ்சிடும், லைட்டும் வீணா ஒரு தடவை அடிக்கும், சார்ஜ் ஏறி பீப் வந்ததும் உடனே ஷட்டர். குழந்தையை வச்சுக்கிட்டு இதெல்லாம் நடக்காது, பெரியவங்களுக்கு ஓகே.

பாஸ்போர்ட்சைஸ்:

தெர்மாகோல் வச்சேன், பின்னாடி லைட் இப்ப விடாம அடிக்குது. நாளைக்கு ஒளிமீட்டர் ப்ரோ சொன்ன மாதிரி எஸ்கேவை முன்னாடி கொண்டுவரேன். ஃபில்லுக்கும் மெயினுக்கும் எவ்ளோ வித்தியாசம் வைக்கணும்? பிளாஷ் மீட்டர் எங்கிட்ட இல்ல.

நெகட்டிவ்ரோல்:

மீட்டர் இல்லன்னா ஒவ்வொரு லைட்டா தனியா போட்டுப் பாருங்க. முதல்ல எல்லா லைட்டையும் அணைச்சிட்டு, பாப்-அப்பையும் மூடிட்டு, 1/125, எஃப் 8, ஐஎஸ்ஓ 100ல ஒரு படம் எடுங்க, முழுக்கக் கருப்பா வரணும். வரலன்னா டியூப் லைட் எங்கேர்ந்தோ உள்ள வருது, அதை அணைங்க, இல்லன்னா தோல் நிறம் பச்சையடிக்கும். அப்புறம் பாப்-அப்பை மறுபடி தூக்கிவிட்டு, மெயின் மட்டும் போட்டு முகம் சரியா வர்ற வரைக்கும் பவரை மாத்துங்க. அதை அணைச்சிட்டு ஃபில் மட்டும் போட்டு அதே எஃப் 8ல எடுங்க, ஒரு ஸ்டாப் இருட்டா வந்தா குழந்தைக்கும் பொம்பளைங்களுக்கும் சரியா இருக்கும். மீசை வச்ச பெரியவர் கம்பீரமா வேணும்னு கேட்டா ரெண்டு ஸ்டாப் வரைக்கும் இறக்கலாம், அதுக்கு மேல போனா வீட்ல உள்ளவங்க அரை மூஞ்சி எங்கன்னு கேப்பாங்க. ஹேர் லைட்டை கடைசியா போடுங்க, லென்ஸுக்குள்ள நேரா அடிக்காம ஒரு கருப்பு அட்டை மறைப்பு வச்சு.

பழைய லைட்ல பவரைக் குறைச்ச உடனே டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கிடுங்க, இல்லன்னா ஏற்கனவே ஏறின சார்ஜோட முதல் ஷாட் ஓவரா வரும்.